பரிசு லாஃப்டில் இருக்கிறது

ஏப்ரல் 2, 2012, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு கலைஞன் இறந்த பிறகு அவனைப் பற்றி அவனை அறியாதவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள். என் விஷயத்தில் அந்தச் சிரமத்தை யாருக்கும் வைக்க விரும்பவில்லை.

காரணம், ஹமீது போன் செய்தான். 1994இல் என் 'உப்புத் தெரு' கேசட் வந்தபோது அவன் கல்லூரி மாணவன். விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே கேசட்டை நாடா அறும்வரை கேட்டார்களாம். எட்டுப் பேரும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் தமிழ் பாப் இசையின் வரலாறு வேறாக இருந்திருக்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. இப்போது அடையாற்றில் ஒரு சிறிய அரங்கில், சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவர்களை மாதம் ஒரு ஞாயிறு மேடையேற்றுகிறான். மே கடைசி ஞாயிறு எனக்கு.

"ஒரே ஒரு கண்டிஷன் அண்ணே. தொப்பி இல்லாம வரணும்" என்றான்.

தொப்பி என்று அவன் சொன்னது, ஐந்து வருடமாக என் தலைமேல் உட்கார்ந்திருக்கும் தவளையை. மத்தாப்பு டிவியில் மாலை ஐந்து மணிக்கு நேரலையில் வரும் 'பிறந்தநாள் பெட்டி' நிகழ்ச்சியின் தவளை மாமா நான். தமிழ்நாட்டில் பத்து வயதுக்குக் கீழே என்னைத் தெரியாதவர் இல்லை. பத்து வயதுக்கு மேலே தெரிந்தவர் இல்லை.

தொப்பியில்லாமல் பொதுமேடையில் தோன்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

தயாரிப்பாளர் ஷோபனா மேடத்தைப் பார்த்தேன். அவருக்கு முப்பத்திரண்டு வயது. பாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது.

"மேடம், எனக்கு விடுதலை வேணும்."

"எனக்கும்தான் சார் வேணும். உட்காருங்க."

உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"புதுசா ஒரு பொண்ணப் போடறேன். நீங்களே ட்ரெயின் பண்ணுங்க. பசங்க அவள ஏத்துக்கிட்டாங்கன்னா மே பதினஞ்சு ரிலீஸ் லெட்டர். ஏத்துக்கலன்னா இன்னும் மூணு வருஷம் நீங்கதான். சரியா?"

"பசங்க அழுவாங்க மேடம்" என்றேன், அவரை எச்சரிக்கும் பொருட்டு.

"பாக்கலாம் சார்" என்றார்.

ஏப்ரல் 5, வியாழன்

எதிர்கால ஆய்வாளருக்காக நிகழ்ச்சியின் முறையை எழுதிவைக்கிறேன். மனித குலம் வேறெங்கும் இதைச் செய்வதாக நான் படித்ததில்லை.

குழந்தையின் பிறந்தநாளன்று பெற்றோர் வீட்டிலேயே ஒரு பரிசை ஒளித்துவைத்துவிட்டு, இடத்தை எங்கள் அலுவலகத்துக்குப் போனில் சொல்வார்கள். மாலையில் குழந்தையின் படம் திரையில் வரும். நான் பாட்டுப் பாடி, "உன் கிஃப்ட் பீரோவுக்குப் பின்னாடி இருக்கு, ஓடு ஓடு!" என்பேன். குழந்தை ஓடும். எடுத்ததும் நேரலையில் போனில் வந்து கத்தும். டிவிக்குள் இருக்கும் தவளைக்குத் தன் வீட்டு பீரோ எப்படித் தெரியும் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. பெரியவர்களும் இந்த நாட்டில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் பலவற்றை நம்புகிறார்கள்.

அரிசி டிரம், ஷூ ரேக், வாஷிங் மெஷின், சாமி படத்துக்குப் பின்புறம். தமிழ்க் குடும்பங்கள் பொருளை ஒளித்துவைக்கும் இடங்களைப் பற்றி என்னளவுக்கு அறிந்தவர் வருமான வரித்துறையிலும் இருக்க முடியாது.

லாஃப்ட் மட்டும் கூடாது. ஜன்னலுக்கு மேலே பழைய சாமான் அடைக்கும் அந்த சிமெண்ட் பலகைக்கு ஏற, குழந்தைகள் நாற்காலிமேல் முக்காலி போடுவார்கள். முதல் வருடம் ஒரு தாய் போனில் திட்டியதற்குப் பிறகு நானே இந்த விதியைக் கொண்டுவந்தேன். யாராவது லாஃப்ட் என்று சொன்னால், அலுவலகம் திரும்பப் போன் செய்து இடத்தை மாற்றச் சொல்லிவிடும்.

இன்னொரு விஷயம். தவளைக் கையுறையின் விரல்கள் ஒட்டியிருப்பதால் காகிதம் பிடிக்க முடியாது. பெயர், வயது, ஊர், பரிசு இருக்கும் இடம் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் மைக்கில் சொல்வார். அது என் காதில் இருக்கும் இயர்போனில் கேட்கும். காதில் கேட்பதை வாயால் சொல்வதுதான் வேலை.

ஏப்ரல் 9, திங்கள்

புதுப் பெண் வந்தாள். வல்லி, இருபத்து மூன்று வயது, கோவில்பட்டி. கையில் குழந்தைகளின் கிடார் போன்ற ஒரு நான்கு கம்பி வாத்தியம். சொந்தமாகப் பாட்டு எழுதுவாளாம். இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள்.

அவளுக்குத் தும்பி வேடம். இறக்கைகளை மணிக்கட்டில் கட்டிவிடுவதால் அவளாலும் காகிதம் பிடிக்க முடியாது. இந்த சானலில் யாரும் எதையும் பிடிக்க முடியாதபடி உடை தைப்பது ஒரு கொள்கை.

"வணக்கம் மாமா" என்றாள்.

"செட்டுக்கு வெளிய சார்னு கூப்பிடும்மா."

"சரிங்க மாமா."

அவள் அம்மாவுக்கு என் பாட்டென்றால் உயிராம். எந்தப் பாட்டு என்று கேட்டேன். ஒரு நொடி, அந்த விடுதியின் ஒன்பதாவது ஆள் கோவில்பட்டியில் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பல்லு தேய்க்கிற பாட்டு மாமா. எந்தம்பிய அதப் போட்டுத்தான் எழுப்புவாங்க."

அந்தப் பாட்டின் வரலாறும் பதிவாக வேண்டும். 1994இல் அதன் பெயர் 'தெரு முனை வரை'. தன்னை விட்டுப் போகும் பெண்ணை ஒருவன் தெரு முனைவரை சென்று வழியனுப்பும் பாட்டு. 'போய் வா, போய் வா, என் பெயரை மறந்து வா' என்று முடியும். கேசட்டுக்குப் பிறகு நான் மிக்ஸிக்கும் ஊறுகாய்க்கும் விளம்பரப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மத்தாப்பு டிவி கூப்பிட்டது. மெட்டு பிடித்திருக்கிறது, வார்த்தை மட்டும் குழந்தைகளுக்கு ஏற்றபடி வேண்டும் என்றார்கள். 'போய் வா, போய் வா, பல்லைத் தேய்த்து வா.' மாற்றியவன் நானே. வேறு யாராவது மாற்றினால் கொச்சைப்படுத்திவிடுவார்கள் என்ற பயம்தான்.

ஏப்ரல் 16, திங்கள்

இந்த வாரம் அவள் என் பக்கத்தில் நிற்கிறாள். தவளை மாமா சீக்கிரம் நீண்ட பயணம் போகப்போகிறார் என்று குழந்தைகளிடம் நேரலையில் சொன்னேன். குரலில் நடுக்கம் வேண்டுமென்றே வைத்ததல்ல, தானாக வந்தது.

இரண்டு போன் வந்தன. ஒன்றில், நான் போகும்போது தொப்பியைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டான்.

ஏப்ரல் 23, திங்கள்

இன்று அவள் தனியாக. நான் கட்டுப்பாட்டு அறையில், மைக்குக்கு முன்னால். நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள்.

யாரும் அழவில்லை.

ஏப்ரல் 25, புதன்

மின்வெட்டு பதினொன்றிலிருந்து ஒன்றுவரை. வியர்வையோடு கிடாரில் பாட்டுகளைப் பயிற்சி செய்தேன். ஹமீதுக்கு எட்டுப் பாட்டுகளின் பெயர் அனுப்பியாயிற்று. விரல் நுனி முழுக்கக் கொப்புளம். ஐந்து வருடக் கையுறை விரலைக் குழந்தை விரலாக்கிவிட்டது.

மாலையில் ஷோபனா மேடம் மகிழ்ச்சியாக இருந்தார். "பொண்ணு பிச்சிட்டா சார். நீங்க கவலையே படாதீங்க, பதினஞ்சாந்தேதி போயிடலாம்." கவலைப்படவில்லை என்றேன்.

வீட்டில் ரோசலினும் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள். என் மனைவி பள்ளி ஆசிரியை. எதையும் திருத்தாமல் விடமாட்டாள்.

"அந்தப் புள்ள பாடறது நல்லாருக்குங்க. வார்த்தை புரியுது."

"என் வார்த்தைதானே அது?"

"ஆமா. இப்பத்தான் புரியுது."

ஏப்ரல் 27, வெள்ளி

பல் தேய்க்கும் பாட்டை இன்று அவள் வேகம் குறைத்துப் பாடினாள். நேரலையில், என்னைக் கேட்காமல். கேமராக்காரர் சேகர், பதினெட்டு வருடம் சர்வீஸ், மூக்கைச் சிந்தினார். சேகருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது.

பிறகு இறக்கையோடு வந்து நின்றாள்.

"மாமா, இந்த மெட்டுக்குப் பல்லு தேய்க்கிறது பொருந்தவே இல்லையே. மொதல்ல வேற என்னமோ இருந்துச்சுல்ல?"

பழைய வரிகளைச் சொன்னேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிடார் வாசிப்பையும் காட்டினேன். 'மறந்து வா' என்ற இடத்தில் கை வைத்து நிறுத்தினாள்.

"இங்க சோகமான மைனர் கார்டுல்ல வரும் மாமா?"

"மேஜர்தான்."

"இல்ல மாமா, மைனர் வந்தாத்தான் அவன் பொய் சொல்றான்னு தெரியும். மறந்துரணும்னு அவனுக்கு ஆசை இல்லைல்ல?"

"எழுதினவன் நான்" என்றேன்.

கேசட்டில் அது மைனர்தான். இதை இங்கே குறித்துவைப்பது ஆய்வாளருக்காக மட்டும்.

மே 2, புதன்

இன்று ஒரு சிறு குழப்பம். மின்வெட்டு, ஜெனரேட்டர் இரைச்சல். அம்பத்தூரில் ஒரு பெண் குழந்தை, பரிசு ஷூ ரேக்கில். தும்பி அக்கா 'ஃப்ரிட்ஜ்' என்று சொல்லிவிட்டாள். நான் ஃப்ரிட்ஜ் என்று சொன்னேனா என்றால், இரைச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்?

குழந்தை போனில் வந்து, "இல்லியே அக்கா, மாவுதான் இருக்கு" என்று அழ ஆரம்பித்தது. நேரலையைப் பொறுத்தவரை இது முடிந்துபோன கதை. எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் விளம்பரத்துக்குப் போனோம்.

அவள் விளம்பரத்துக்குப் போகவில்லை. அந்த நாலு கம்பியைத் தட்டி, 'எங்க போச்சு, எங்க போச்சு, கால் முளைச்சு எங்க போச்சு' என்று அங்கேயே ஒரு பாட்டுக் கட்டினாள். வீட்டுக்குள் அறை அறையாகக் குழந்தையைப் பாடிக்கொண்டே கூட்டிப்போனாள். ஷூ ரேக்கில் பரிசு கிடைத்தபோது குழந்தை கிறீச்சிட்டது. அம்மா சிரித்தார். சேகருக்கு மறுபடி தூசி.

எங்கள் பிள்ளையையும் அப்படித் தேடவிடுங்கள் என்று நிகழ்ச்சி முடியும்வரை போன். மேடம் என் தோளைத் தட்டி, "சூப்பர் மிஸ்டேக் சார்" என்றார்.

மே 4, வெள்ளி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இன்றும் குழப்பம். நேற்றும்.

இரண்டையும் அவள் பாட்டாக்கிவிட்டாள். இதற்கு மக்கள் திறமை என்று பெயர் வைக்கிறார்கள்.

மே 8, செவ்வாய்

வல்லி கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாள். எனக்கு ஒரு மோர் பாக்கெட் வாங்கிவந்திருந்தாள்.

"மாமா, நேத்து எங்காதுல 'கட்டிலுக்கு அடியில'ன்னு கேட்டுச்சு. ஆபீஸ்ல கேட்டா 'டிவி ஸ்டாண்டு'ங்காங்க."

"லைன்ல எரைச்சல்மா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். மொத மொத செய்றேன்ல, எனக்குத்தான் சரியாக் கேட்கலையோன்னு பயமா இருந்துச்சு. நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க மாமா. நீங்க சொல்றத அப்படியே சொல்லிருவேன்."

சரி என்றேன். மோர் நன்றாக இருந்தது. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.

மே 10, வியாழன்

ஹமீதின் சுவரொட்டி வந்தது. 'உப்புத் தெரு கிளெமென்ட், பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு.' தொப்பியில்லாத என் படம். ரொம்ப நேரம் பார்த்தேன். யாரோ வங்கி அதிகாரி ஓய்வு பெறுவதுபோல் இருந்தது.

எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு தாயும் மகளும். "பாப்பா, இவரு யாரு தெரியுதா? முன்னாடி தவளை மாமாவா வந்தாருல்ல?" முன்னாடி. நான் போய் இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை.

பாப்பா என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தது. "தும்பி அக்கா உங்க வீட்டுக்கு வருவாங்களா அங்கிள்?"

மாமாகூட இல்லை. அங்கிள்.

விடுதலைக் கடிதம் தயார், செவ்வாய்க்கிழமை கையெழுத்து என்று மேடம் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்.

மே 11, வெள்ளி

ஜெனரேட்டர் இரைச்சல் இன்று மிக அதிகம்.

முகிலன், ஏழு வயது, கொளத்தூர்.

ரோசலின் இடியாப்பம் செய்திருந்தாள். பசியில்லை.

மே 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முகிலனின் பெற்றோர் பரிசை வாஷிங் மெஷினுக்குள் வைத்திருந்தார்கள். தும்பி அக்கா திரையில் "லாஃப்ட்ல இருக்கு, ஏறிப் பாரு" என்று சொன்னாள். தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. சிறுவன் கட்டில்மேல் நாற்காலி போட்டு, நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறியிருக்கிறான். தாய் அப்போது போனில் எங்கள் லைனில் காத்துக்கொண்டிருந்தார். வலது கை முறிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. விழுந்த சத்தமும் நேரலையில் போயிற்று. வல்லி அதையும் விளையாட்டென்று நினைத்து 'எங்க போச்சு' பாட ஆரம்பித்தாள். தாயின் அலறல் கேட்டுத்தான் நிறுத்தினாள்.

திரையில் சொன்னது பதிவாகியிருக்கிறது. காதில் சொல்வதைப் பதிவு செய்யும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

மேடம் கதவை மூடினார். "சார், நீங்க என்ன சொன்னீங்க?"

"வாஷிங் மெஷின்."

"நிச்சயமா?"

"லாஃப்ட்னு யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு ரூல் போட்டதே நான்தான மேடம்?"

அவர் முகம் தெளிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் குழந்தைகளின் நன்மைக்காகப் போட்ட விதி இன்று இப்படிக் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நல்ல விதி என்றால் எல்லோருக்கும் பயன்பட வேண்டும்.

வல்லியை உடனே போகச் சொல்லிவிட்டார்கள். ஒப்பனை அறையில் மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் உதவினேன்.

"மாமா, எனக்கு லாஃப்ட்னுதான் கேட்டுச்சு."

"ஜெனரேட்டர் சத்தம்மா."

"ஜெனரேட்டரு உங்க குரல்ல பேசாது மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். இறக்கைகளை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 14, திங்கள்

சானல் சார்பில் மருத்துவமனைக்குப் போனேன். தொப்பி, கையுறை, கேமரா சகிதம். சேகர் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. தூசியாக இருக்கும்.

முகிலன் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் வாசலை எட்டிப் பார்த்தான்.

"தும்பி அக்கா வரலியா?"

"அக்கா பறந்து போயிட்டாங்கடா கண்ணா. மாமா வந்திருக்கேன் பாரு."

"அங்க ஒண்ணுமே இல்ல மாமா. பழைய குக்கர்தான் இருந்துச்சு" என்றான், ரகசியமாக, நான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவலைப்போல. "நான் நல்லாப் பாத்தேன்."

அவன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேடம் சொல்லி அனுப்பியபடி ஒரு பாட்டுப் பாடினேன். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்ததையே பாடினேன். 'பல்லைத் தேய்த்து வா' என்று முடித்து, கைதட்டலுக்காக நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். சிறுவன் உதட்டைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.

இந்தப் பகுதி ஒளிபரப்பாகாது என்று சேகர் சொன்னார். திரும்பி வரும்போது அவர் பேசியது அது ஒன்றுதான்.

மே 15, செவ்வாய்

விடுதலைக் கடிதத்தை மேடம் நான்காகக் கிழித்துப் போட்டார்.

"இனிமே புது ஆள வச்சு ரிஸ்க் எடுக்க முடியாது சார். மேனேஜ்மென்ட் தெளிவா சொல்லிட்டாங்க. உங்கள மாதிரி சேஃபான ஆள் யாரு இருக்கா? மூணு வருஷம்."

"மேடம், மே இருபத்தேழு ஒரு கச்சேரி..."

"தொப்பியோட தாராளமா பாடுங்க சார்."

கையெழுத்துப் போட்டேன். கலைஞனுக்கு ரசிகர்கள்மேல் ஒரு கடமை இருக்கிறது.

ஹமீதைக் கூப்பிட்டுத் தொப்பியோடு வரலாமா என்றேன்.

"வேணாண்ணே. அந்தக் கேசட்டு அப்படியே இருக்கட்டும்."

பதினெட்டு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

மே 21, திங்கள்

மீண்டும் தவளை. குழந்தைகள் போனில், "தும்பி அக்கா எங்க?" என்கிறார்கள். வாழ்த்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹமீது போன் செய்தான். நான் விட்ட இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். "யாருக்கும் தெரியாத பொண்ணுண்ணே. கோவில்பட்டி. டிவில இருந்துச்சாம், என்னமோ பிரச்சனையாம். ஒரு பாட்டுப் பாடிக் காட்டுச்சு, எனக்குப் பேச்சே வரல."

எனக்கும்.

மே 27, ஞாயிறு

தலைவலி. கச்சேரிக்கு ரோசலின் மட்டும் போனாள். டிக்கெட்டை முன்பே வாங்கியிருந்தாள், என் கச்சேரி என்று.

திரும்பி வந்து புடவைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கூட்டமா?" என்றேன்.

"நின்னுட்டுக் கேட்டாங்க."

"ம்."

"கடைசியா உங்க பாட்ட பாடுச்சு. தெரு முனை. 'இத எழுதினவரு எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவரு'ன்னு சொல்லிட்டுத்தான் பாடுச்சு. பக்கத்துல ஒரு அம்மா அழுதாங்க. நானும்தான்."

"மறந்து வா வர்ற எடத்துல மைனரா, மேஜரா?"

ரோசலின் என்னைப் பார்த்தாள். தேர்வு அறையில் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்த மாணவனை அவள் இப்படித்தான் பார்ப்பாள்போலிருக்கிறது.

"அன்னிக்கு அந்தப் புள்ள காதுல என்னங்க சொன்னீங்க?"

"வாஷிங் மெஷின்."

ரோசலின் எழுந்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தாள். ஹாலில் காற்று நன்றாக வரும்.

ஜூன் 15, வெள்ளி

எனக்கு இன்று ஐம்பது. ரோசலின் வாழ்த்தினாள், அங்கிருந்தபடியே. ஹால் அவளுக்குப் பழகிவிட்டது.

சானலில் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருந்தார்கள். நிகழ்ச்சி நடுவே கேக் வந்தது. செட்டின் பெரிய போன் அடித்தது. எடுங்கள் என்று என் காதில் மேடத்தின் குரல்.

"ஹாப்பி பர்த்டே மாமா. தும்பி பேசுறேன்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து கைதட்டல். குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பழசையெல்லாம் மறந்து ஒரு போனாவது பேசம்மா என்று மேடமே அவளைக் கெஞ்சியிருக்கிறார். பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

"தேங்க்ஸ்டா கண்ணா" என்றேன். நிகழ்ச்சியின் முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஐந்து வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது. "மாமாவோட கிஃப்ட் எங்க இருக்கு?"

"லாஃப்ட்ல மாமா."

எங்கள் செட் ஒரு வீடு மாதிரி. சுவர், ஜன்னல், ஜன்னலுக்கு மேலே விளக்குச் சாமான் போடும் ஒரு பலகை.

"லாஃப்ட்னு சொல்லக் கூடாதேம்மா. ரூலாச்சே."

"நீங்கதான மாமா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்ததாகக் கேட்கவில்லை.

"ஏறுங்க சார், லைவ்" என்றது காது.

சேகர் ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். பிடித்துக்கொள்ளவில்லை. ஒட்டிய விரல்களோடு ஏணி ஏறுவது எளிதல்ல. மேலே பழைய வயர் சுருள், உடைந்த பல்புகள், எலிப் புழுக்கை. அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் நன்றாக நடித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நடிக்கவில்லை. அங்கே எனக்கு ஏதோ இருக்கும் என்றுதான் தேடினேன்.

"இல்லியேம்மா" என்றேன், மேலிருந்து.

"நல்லாப் பாருங்க மாமா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 18, திங்கள்

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிதான் சானலின் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்ததாம். இன்று முதல் தினமும் 'தவளை மாமா தேடுகிறார்'. எங்கே தேட வேண்டும் என்று குழந்தைகள் போனில் சொல்வார்கள். நான் தேட வேண்டும். கிடைக்கக் கூடாது. கிடைத்துவிட்டால் பார்க்க மாட்டார்கள் என்கிறார் மேடம். லாஃப்ட் விதி பெரியவர்களுக்குப் பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தினார்.

"மூணு வருஷமும் இதேவா மேடம்?"

"நல்லா போச்சுன்னா மேலயும் சார்."

ஜூன் 19, செவ்வாய்

அரிசி டிரம். தலைகீழாக. எதுவும் இல்லை.

ஜூன் 20, புதன்

மின்வெட்டு இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. எல்லாம் துல்லியமாகக் கேட்டது.

இன்றைய போனில் ஒரு சிறுவன். பெயர் முகிலன், கொளத்தூர். கட்டு இன்னும் பிரிக்கவில்லையாம். அவன் அம்மா பக்கத்திலிருந்து ஏதோ சொல்லிக்கொடுப்பது கேட்டது.

"மாமா எங்கடா தேடட்டும் கண்ணா?" என்றேன்.

முன்பல் இல்லாததால் அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சேகர் அதற்குள் ஏணியை எடுத்து வந்துவிட்டார். அவன் சொல்லி முடிக்கும்வரை, தொப்பியைச் சரி செய்துகொண்டு, சிரித்தபடி காத்திருந்தேன்.